பேர் போனவர்கள்

டோக்கன் பதினேழு என்று கூப்பிட்டிருக்கலாம்.
நாகப்பட்டினம் கண் முகாம், உச்சிவேளை,
தொண்டை காய்ந்த அவசரத்தில்
பெயரைச் சொல்லிவிட்டேன்.
"நீலாயதாட்சி."
நான்கு பேர் எழுந்தார்கள்.

பெஞ்சில் சிரிப்பு.
"அம்மன் பேரைக் கூப்பிட்டா
இந்த ஊர்ல இப்படித்தான், சிஸ்டர்."
நான் நாகூர். பெயர் மைமூன்.
எங்கள் சந்தில் பாத்திமா என்றால்
பதினோரு கதவு திறக்கும். எனக்கா தெரியாது?

முதலில் வந்தவர்
வெளிப்பாளையத்தில் இரண்டு முறை கவுன்சிலர்.
'பெயரிலேயே ஆட்சி' என்று
சுவர் சுவராக எழுத வைத்தவர்.
சுண்ணாம்பு உதிர்ந்து, மழை அடித்து,
'ஆட்சி' மட்டும் அரிசி மண்டிச் சுவரில்
இன்னும் நிற்கிறதாம்.
முகவாயைக் கருவியில் வையுங்கள் என்றேன்.
மாலைக்குக் குனிகிறவர்போல் குனிந்தார்.

அடுத்தவரை எனக்கே தெரியும்.
அக்கரைப்பேட்டை ஏலத்தில் அவர் குரல் ஏறினால்
காரைக்கால் வியாபாரி
இடுப்புப் பையைத் தடவிப் பார்ப்பான்.
வஞ்சிரத்தைக் கையால் தொடமாட்டார். பார்ப்பார்.
"நாலே முக்கால்."
தராசு பிறகு ஒப்புக்கொள்ளும்.
போன ஐப்பசியில், முதல்முறையாக,
அரைக் கிலோ தப்பிவிட்டது.
அன்றைக்கே மகனிடம் சொல்லியிருக்கிறார்:
"கண்ணைக் காட்டணும்டா."

மூன்றாமவர் கணக்கு டீச்சர்.
பிரம்பு எடுத்ததில்லை. ஒரு பார்வை போதும்,
கடைசி பெஞ்ச் வரைக்கும் வாய்ப்பாடு ஒழுங்காக வரும்.
அந்தக் கண்ணில் சொட்டு மருந்து விடுகிறேன்.
நடுங்குவது என் கை.

மருந்து ஊறும்வரை சும்மா இருப்பானேன்,
பெயருக்கு என்ன பொருள் என்று கேட்டேன்.
"பிரித்து எழுது. நீலம், ஆயதம், அட்சி.
நீலம், குவளைப் பூ. ஆயதம், நீண்டது.
அட்சி, கண்.
தமிழில் கருந்தடங்கண்ணி."
"நீலமா கருப்பா, எது சரி டீச்சர்?"
மூடிய இமைக்குள் யோசித்தார்.
"ரெண்டுக்கும் முழு மார்க்."

நான்காமவர்
சாட்டியக்குடியிலிருந்து பஸ் மாறி வந்தவர்.
மற்ற மூவரும் போகட்டும் என்று
சுவரோரம் நின்றுகொண்டிருந்தார்.
"அவங்கல்லாம் பேர் போனவங்க."
"நீங்க?"
"நானும் பேர் போனவதாம்மா.
ரேஷன் கார்டுல நீலாவதி.
நூறு நாள் வேலையில லீலா.
பேங்க்ல என்னமோ ஒண்ணு,
அந்தத் தம்பிக்கே வாயில நுழையல.
முழுசா இன்னிக்கு நீதான் கூப்புட்ட."

எழுத்து தெரியாதவர்களுக்கு வேறு அட்டை.
சீப்பு மாதிரி ஒரு குறி,
பல் எந்தப் பக்கம் என்று கையால் காட்ட வேண்டும்.
நாற்றுப் பிடித்த வாக்கில்
மூன்று விரலைத் தரைக்குக் காட்டினார். சரி.
வலப்பக்கம். சரி.
நாலாவது வரியில் விரல்கள் நின்றன.
"சேறா இருக்கு."

விளக்கை ஒடுக்கி உள்ளே பார்த்தேன்.
புரை முற்றியிருந்தது.
கருவிழியின் கரையை ஒட்டி
சாம்பலோடிய நீலத்தில் மெல்லிய வளையம்.
வயசானால் வரும். கெடுதல் இல்லை,
சீட்டில் எழுதுவதுகூட இல்லை.
கவுன்சிலருக்கும் இருந்தது. ஏலக்காரருக்கும்.
டீச்சருக்கு இடக்கண்ணில் கொஞ்சம் கூடுதல்.
பெயர் பார்த்து வருவதல்ல,
நேற்று திட்டச்சேரி ராபியாவுக்கும் பார்த்தேன்.
இருந்தாலும்,
பெயர் வைத்த அன்றைக்கு வராத நீலம்
எழுபது வருஷம் கழித்து
நான்கு பேருக்கும் வந்து சேர்ந்திருப்பதை
நான் மட்டும் பார்த்துவிட்டு
எப்படிச் சும்மா இருப்பது?

சொன்னேன்.
டீச்சர் "ம்" என்றார்.
கவுன்சிலர், "போட்டோவில் தெரியுமா?"
சாட்டியக்குடிக்காரர்
அடிக்கண்ணை மெல்லத் தொட்டுக்கொண்டார்,
ஏதோ ஒட்டியிருப்பதுபோல்.

அறுவைக்கு எந்தக் கண் என்று
புருவத்துக்கு மேலே நீல மையால் குறி வைத்து
வேனில் ஏற்றினோம்.
ஜன்னலோரத்துக்குச் சண்டை.
ஏலக்காரர் மட்டும்
பக்கத்தில் உட்கார்ந்தவரை, அந்தச் சுவரோரத்துக்காரரை,
புரை விழுந்த கண்ணால் ஏற இறங்கப் பார்த்தார்.
"நாப்பத்திரண்டு கிலோ."

சீட்டைப் புரட்டினேன்.
நாற்பத்தொன்றரை.